பையன் ரேஸ் டிரைவர் ஆவப்போறேன்றான்னு கவலப்பட்ட பஸ் டிரைவர் அண்ணாவுக்கு

அண்ணா, அன்னைக்கு பையன் படிப்பப் பத்தி பேசிக்கிட்டு இருக்கும்போது டூட்டிக்கு டைம் ஆயிடுச்சுன்னு பாதியிலயே கெளம்பிட்டீங்க, மீதிய டைப் பண்ணி அனுப்புறேன், டீ குடிக்கிற நேரத்துல படிங்க. "ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்த பிளாஸ்டிக் ஸ்டீரிங்க புடிச்சிக்கினு கார் ரேஸ் கேம் ஆடிக்கினே கீறான் சார், பிளஸ் டூ சார், ஆக்சிலேட்டர மிதிக்கிறதுக்கு ஒரு படிப்பா"ன்னு கேட்டீங்க. கோவம் நியாயந்தான், ஆனா அந்த கடைசி கேள்விய நீங்க கேக்கலாமா ணா? ஜமுனாமரத்தூர் மலை எறக்கத்துல முழு லோடோட வண்டிய சின்ன கியர்ல போட்டு, பிரேக் சூடாவாம இஞ்சின்லயே இழுத்துப் புடிச்சு எறக்குற ஆளு நீங்க.

ரேஸ்லயும் அந்த பிரேக் கததான் பெருசு. ஃபார்முலா ஒன், அதான் எஃப் ஒன்னு சொல்ற பெரிய ரேஸ், அந்த கார் ஸ்டீரிங்க பையன்கிட்ட காட்ட சொல்லுங்க, ரவுண்டாவே இருக்காது, இருபதுக்கு மேல பட்டனும் திருகுற குமிழுமா இருக்கும். அதுல ஒண்ணு பிரேக் பேலன்ஸ், முன் சக்கரத்துக்கு எவ்ளோ பிரேக், பின்னுக்கு எவ்ளோன்னு. அத ஒரு வளைவு முடிஞ்சு அடுத்த வளைவு வர்றதுக்குள்ள விரலாலயே மாத்துவாங்க, ஏன்னா பெட்ரோல் கொறைய கொறைய வண்டி வெயிட் மாறும், டயரும் தேயும், ஆரம்பத்துல கரெக்டா இருந்த செட்டிங் பாதி ரேஸ்ல சக்கரத்த லாக் பண்ணி உட்டுடும். சக்கரம் லாக் ஆவாம பாத்துக்குற ஏபிஎஸ் நம்ம வண்டிங்கள்ல வருதே, அது அங்க கெடையாது, வெக்கவே கூடாதுன்னு ரூல். டிராக்‌ஷன் கன்ட்ரோலும், அதாவது ஆக்சிலேட்டர மிதிக்கும்போது சக்கரம் வழுக்கி சுத்தாம பாத்துக்குறது, 2008லயே போச்சு. இதுல பேட்டரி வேற. பிரேக் புடிக்கும்போது பின்னாடி மோட்டார் கரண்ட் எடுத்து பேட்டரில ஏத்தும், அந்த இழுப்பும் சாதா பிரேக்கும் சேந்து டிரைவர் காலுக்கு ஒரே மாதிரி தெரியணும்னுதான் 2014ல இருந்து பின் பிரேக்க கம்ப்யூட்டர் வழியா ஓட்டுறாங்க. அந்த மோட்டார் அப்போ 120 கிலோவாட், 2026 ரூல்ல 350. எங்க சேத்து வெக்கணும் எங்க செலவு பண்ணணும்ன்றதே பாதி ரேஸ் இப்போ.

எனக்கு ரொம்ப புடிச்ச ரூல் ஒண்ணு இருக்கு. கார்ல இருக்குற நூத்துக்கணக்கான சென்சார் எல்லாம் பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்துல டீம் உக்காந்திருக்குற எடத்துக்கு, டேட்டா அனுப்பிக்கிட்டே இருக்கும், ஆனா பிட்ல இருந்து யாரும் கார் செட்டிங்க மாத்த முடியாது, 2003லயே தடை பண்ணிட்டாங்க. இஞ்சினியர் ரேடியோல சொல்லுவாரு, 300 கிலோமீட்டர் வேகத்துல திருக வேண்டியது இவன் கைதான். அதுக்கு அப்புறம் கார விட்டு எறங்கி, ரூம்ல உக்காந்து, அந்த டேட்டாவ கோடு கோடா கிராஃப் போட்டு, தன்னோட பிரேக் கோட்டையும் அதே டீம்ல ஓட்டுற இன்னொருத்தர் கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்து, நான் எங்க சீக்கிரம் மிதிச்சேன், எங்க ஆக்சிலேட்டர தயங்கித் தயங்கி குடுத்தேன்னு மணிக்கணக்கா பேசணும். "வண்டி சரியில்ல"ன்னு சொல்றவன அங்க வெச்சுக்க மாட்டாங்க. வளைவுக்குள்ள போகும்போது முன்னாடி வழுக்குதா, வெளிய வரும்போது பின்னாடி வீசுதான்னு பிரிச்சு சொல்லத் தெரியணும். நீங்க டிப்போ மெக்கானிக்குகிட்ட சொல்லுவீங்களே, சத்தம் இடது பக்கம், மூணாவது கியர்ல மட்டும்னு, அதே தான்.

சரி காசு விஷயம், ஒளிக்காம சொல்றேன். எஃப் ஒன் ரேஸ் ஓட்டுன இந்தியர் ரெண்டே பேரு, 2005ல நரேன் கார்த்திகேயன், 2010ல கருண் சந்தோக், ரெண்டு பேரும் நம்ம ஸ்டேட்டு, ஆனா ரெண்டு பேரு வீட்டுலயும் ரேஸ் ஏற்கனவே இருந்துச்சு. பையன் வயசுல மத்தவங்க கார்ட்டிங்ல, அதான் பசங்க ஓட்டுற குட்டி ரேஸ் கார்ல, பத்து வருஷம் ஓட்டி முடிச்சிருப்பாங்க. பிஎஃப் பணத்த எடுக்காதீங்க, எடுத்தாலும் ஒரு சீசனுக்கே பத்தாது. இருங்காட்டுக்கோட்டை டிராக் நம்ம சென்னை ரோட்லயே இருக்கு, ஒரு ரேஸ் நாள் கூட்டிட்டுப் போய் காட்டுங்க, போதும்.

ஆனா அந்த டேட்டா கோட்டப் பாக்குற இஞ்சினியர் வேல இருக்கே, அதுக்கு வீட்ட விக்க வேணாம். கொஞ்ச வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு பையன நான் கண்ண மூடிக்கிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போட சொல்லிட்டேன், ரெண்டாவது வருஷம் வந்து சார் வண்டி வாசனையே இல்லன்னான், அந்த தப்ப மறுபடி பண்ண மாட்டேன். மெக்கானிக்கல், இல்லன்னா எலக்ட்ரிக்கல் (ஈஈஈ), எலக்ட்ரானிக்ஸ் (ஈசிஇ) இஞ்சினியரிங், கூடவே பைத்தான்ற கம்ப்யூட்டர் மொழி. கவுன்சிலிங்ல காலேஜ் எடுக்கும்போது கட்டடத்தப் பாக்காதீங்க, பசங்க கார் கட்டுற டீம் இருக்கா, அந்த கார் ஓடுச்சான்னு கேளுங்க. விஐடில பிரவேகான்னு ஒரு டீம் இருக்கு, ஃபீஸ் ஒத்து வரலன்னா பாகாயம் கவர்மென்ட் இஞ்சினியரிங் காலேஜையும் போய் விசாரிங்க. கோயம்புத்தூர் கரி டிராக்ல ஃபார்முலா பாரத்னு போட்டி நடத்துறாங்க, காலேஜ் பசங்களே கட்டுன கார். அதுல சென்சார் மாட்டி டேட்டா எடுத்துப் பழகுனவனுக்கு ரேஸ் டீம்லதான் வேலைன்னு இல்ல. டாடா மோட்டார்ஸ் பனப்பாக்கத்துல 9000 கோடி ரூபா பிளான்டுக்கு 2024ல அடிக்கல் நாட்டுனாங்க, சோளிங்கர்ல பிரேக்ஸ் இந்தியா ஃபவுண்டரி இருக்கு, கார் சம்பந்தப்பட்ட பொழப்பு நம்ம பக்கத்துலயே வந்து நிக்குது.

பையனுக்கு ஒரு டெஸ்ட் குடுக்கலாம். அவன் ஆடுற மாதிரி சிமுலேட்டர் கேம் சிலதுல டேட்டாவ சேவ் பண்ணலாம், அத தொறக்குற மோடெக் ஐ2ன்ற சாஃப்ட்வேர் ஃப்ரீதான், நெஜ ரேஸ் டீமுங்களும் யூஸ் பண்றதுதான். ரெண்டு ரவுண்ட எடுத்து, ஒரே ஒரு வளைவுல அர செகண்ட் எங்க போச்சுன்னு உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லட்டும், நீங்க டிரைவர், உங்கள ஏமாத்த முடியாது. கோட்டப் பாத்தாலே கொட்டாவி வுட்டான்னா அவனுக்குப் புடிச்சது வேகம் மட்டும், வேற பேசிக்கலாம். ஞாயித்துக்கெழம வீக்லி ஆஃப்னு சொன்னீங்கல்ல, பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க, லேப்டாப்போட சார்ஜரையும் மறக்காம எடுத்துக்கினு வர சொல்லுங்க, போன தடவ பாதியிலயே ஆஃப் ஆயிடுச்சு. அதுவரைக்கும் அந்த ஸ்டீரிங்க பரண்ல தூக்கிப் போட்டுடாதீங்க ணா, ராத்திரி பதினொண்ணுக்கு நிறுத்த மட்டும் சொல்லுங்க.