வந்தவாசியில் எந்த 79?

அன்புள்ள ஐயா,

வந்தவாசிப் போர் பற்றி எழுதும்போது 79-ஆவது ரெஜிமெண்டைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது ஸ்காட்லாந்தின் கேமரன் ஹைலேண்டர்கள் படை, தொடங்கியதே 1793-இல்தான் என்று படித்திருக்கிறேன். 1760-இல் அது இங்கே எப்படி வந்தது?

– ஒரு வாசகர், செய்யாறு

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் வேறு வேறு படைகள். பிரிட்டனில் ஒரு ரெஜிமெண்டைக் கலைத்தால் அதன் எண்ணை அடுத்து வரும் படைக்குக் கொடுத்துவிடுவார்கள். வந்தவாசியில் நின்றது 1757-இல் வில்லியம் டிரேப்பர் திரட்டிய 79. பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போருக்காகவே ஆள் சேர்த்த படை அது. 1763-இல் சமாதானம் வந்ததும் செலவைக் குறைக்க 70-க்கு மேல் எண் கொண்ட ரெஜிமெண்டுகளைக் கலைத்தார்கள். இதுவும் அதில் போனது.

ஆனால் அந்தச் சில வருடங்களில் அது கண்ட போர்கள் கொஞ்சமல்ல. 1758-இல் சென்னைக்கு வந்தது. அந்த டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி, சென்னைக் கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைப் பிடித்ததும், டிரேப்பர் கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்து தெருத் தெருவாகச் சண்டையிட்டார். இழப்பு அதிகம், திரும்பி உள்ளே போக வேண்டியதாயிற்று. முற்றுகை பிப்ரவரி வரை நீடித்தது. அப்புறம் டிரேப்பர் உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப, படை பிரெரட்டன் என்ற அதிகாரியின் கைக்கு வந்தது.

1760 ஜனவரி 22, வந்தவாசி. அந்த நாளை நாம் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் வெற்றி என்றே படிக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குளக்கரையை அரணாக்கி நின்றார்கள். அங்கே அவர்களுடைய வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறியது. அந்தக் குழப்பத்தில் குளக்கரை மேல் பாய்ந்து அதைப் பிடித்தது டிரேப்பரின் படைதான். பிரெரட்டன் அங்கேயே உயிரை விட்டார். பிரெஞ்சு அணி உடைந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

1762-இல் இதே படை டிரேப்பர் தலைமையில் சென்னையிலிருந்து கப்பலேறி, அக்டோபரில் ஸ்பானியர்களிடமிருந்து மணிலாவைப் பிடித்தது. சென்னைச் சிப்பாய்களும் கூடப் போனார்கள். அவர்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மணிலாவுக்கு அருகே கைன்டா என்ற ஊரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இருப்பதாக இன்றும் சொல்கிறார்கள்.

டிரேப்பர் பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டனில் தன் படைக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார். இறந்த அதிகாரிகளின் பெயர்கள் அதில் உண்டு. சாதாரணப் படைவீரர்களின் பெயர்கள் இல்லை. கூடவே நின்று செத்த நம் ஊர்ச் சிப்பாய்களுக்கு அந்தக் கல்லில் மட்டுமல்ல, நம் ஊரிலும் பெயர் இல்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

மேலும் தேடுவதென்றால் எண்ணை வைத்துத் தேடாதீர்கள், கேமரன்களிடமே போய் நிற்பீர்கள். 'டிரேப்பர் ரெஜிமெண்ட்' என்று தேடுங்கள். அக்காலத்தவரும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள்.

அன்புடன்.