ரைசர் மாட்டிய பைக், மறுக்கப்பட்ட கிளெய்ம்: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: என் 350 சி.சி. பைக்குக்கு அகலமான ஹேண்டில்பாரும் அதை உயர்த்தும் 30 மி.மீ. ரைசரும் கோவையில் ஒரு கடையில் மாட்டினேன். பழைய கேபிளே போதும் என்றார்கள். ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் ரேஸ் ஏறியது. வாட்ஸ்அப்பில் சொன்னதற்கு, 'ஓட்ட ஓட்ட செட் ஆகிடும்' என்று பதில் வந்தது. மூன்று வாரத்தில் யு-டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாய்ந்து மீடியனில் மோதியது. எனக்குக் காரை எலும்பு முறிவு. இன்சூரன்ஸ் நிறுவனம் ஓ.டி. (வண்டிச் சேதத்துக்கான) கிளெய்மை மறுத்துவிட்டது. ஷோரூம் வாரண்டி கிடையாது என்கிறது. கடைக்காரர் மரியாதையின்றிப் பேசுகிறார். மூவர் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: கடைக்காரர் பேசிய பேச்சை மறந்துவிடுங்கள். உற்பத்திக் குறையால் எதுவும் உடையவில்லை என்பதால் ஷோரூமையும் விடுங்கள். விபத்துக்குக் காரணம் ரைசரா, இல்லையா? வழக்கு அதில்தான் நிற்கிறது.

உங்கள் கடிதப்படி ரைசர்தான். ஹேண்டில் உயர்ந்ததும் ஆக்ஸிலரேட்டர் கேபிளில் இருந்த ப்ளே (தளர்வு) போய்விட்டது. முழுதாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு த்ராட்டில் திறக்கிறது. நீளக் கேபிள் போடாமல் ரைசர் மாட்டியது வேலைக் குறைபாடு. வண்டியை ஸ்டார்ட் செய்து இரு பக்கமும் திருப்பிப் பார்க்கும் எந்த இன்சூரன்ஸ் சர்வேயருக்கும் (சேத மதிப்பீட்டாளருக்கும்) இது தெரிந்துவிடும்.

கட்சிக்காரர்கள் விழும் குழி இதற்கு அடுத்து இருக்கிறது. கடைக்கு 'ரைசரால்தான் விழுந்தேன்' என்று நோட்டீஸ். இன்சூரன்ஸுக்கு 'ரைசருக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை' என்று மனு. இரண்டும் ஒரே நுகர்வோர் கமிஷன் முன் வந்தால் இரண்டுமே செத்துப்போகும். ஆகவே ஒரே நிலை எடுங்கள்: மாற்றத்தை ஒப்புக்கொண்டு, கிளெய்மை 'நான்-ஸ்டாண்டர்ட்' (மீறலுக்காகக் குறைத்துத் தரும்) அடிப்படையில் 75 சதவீதத்துக்கு முடிக்கக் கேளுங்கள். அமலேந்து சாஹு வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் பாலிசி நிபந்தனை மீறலுக்கு இந்த வழியை ஏற்றது. அது வாடகைக்கு விட்ட வண்டி. இங்கே மாற்றமே விபத்துக்குக் காரணம் என்பதால் நிறுவனம் கடுமையாக எதிர்க்கும். 50 சதவீதம் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால், எழுத்தில் முறையிட்டு ஒரு மாதம் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள்.

வாட்ஸ்அப் செய்தியை ஆயுதம் என்று நினைக்கிறீர்கள். கடைக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சிதான். கோளாறு தெரிந்தே நீங்கள் மூன்று வாரம் ஓட்டினீர்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. இழப்பீட்டில் கணிசமாக வெட்டு விழும்.

பழைய ஹேண்டில்பாரை மாட்டி வண்டியைச் 'சரி' செய்துவிடாதீர்கள். ஆதாரமும் போகும், சாட்சியத்தை மறைத்ததாகவும் வரும். கேபிள் இழுபடுவதை வீடியோ எடுத்து, தகுதியுள்ள ஒருவரிடம் ஆய்வு அறிக்கை வாங்குங்கள். கடை பில் தரவில்லை என்றால் யு.பி.ஐ. பதிவு போதும். போலீஸ் புகார் என்று மிரட்டவும் வேண்டாம்: அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளரையே பிடிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ஹேண்டில்பார் அதில் வருமா என்ற வாதத்தை உங்கள் செலவில் நடத்த வேண்டாம்.

கடையோடு சமரசம் பேசுங்கள். ஆஸ்பத்திரிச் செலவில் பாதி கிடைத்தாலே நல்லது. ஆனால் இன்சூரன்ஸ் முடியும் முன் 'எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது' என்று கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கொடுத்தபின் கடையிடம் வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அதைக் கெடுத்தீர்கள் என்று சொல்லி கிளெய்மை மறுப்பார்கள். ஒப்பந்தத்தில் 'உடல் காயத்துக்கு மட்டும்' என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.