மனித உரிமை யார் வீட்டுச் சரக்கு? வக்கீலம்மாவிடம் சில கேள்விகள்

சேலம் கோட்டைப் பகுதி கடைக்காரர்: மனித உரிமைங்கறதே வெள்ளைக்காரன் நம்ம தலையில கட்டுனதுதானே வக்கீலம்மா? நம்ம மார்க்கத்துல அதெல்லாம் முன்னாலயே இருக்கு.

முன்னாலேயே நம்மிடம் இருந்தது என்றால் அது எப்படி பாய் அவன் சரக்காகும்? 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு ஓட்டும் விழவில்லை. 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. அந்த எட்டில் முஸ்லிம் நாடு சவூதி ஒன்றுதான். மீதி, ஆறு கம்யூனிஸ்ட் நாடுகளும் தென்னாப்பிரிக்காவும். எகிப்து, ஈரான், இராக், சிரியா, துருக்கி, பாகிஸ்தான் எல்லாம் ஆதரவுப் பக்கம். அதை எழுதிய இடத்தில் லெபனானின் சார்லஸ் மாலிக், சீனாவின் பி.சி. சாங், நம் ஹன்சா மேத்தா எல்லோரும் இருந்தார்கள்.

ஆனால் ஆதரித்து ஓட்டுப்போட்ட பிரான்ஸ் அன்றைக்கு அல்ஜீரியாவைக் கையில் வைத்திருந்தது; பிரிட்டனிடம் மலாயா இருந்தது. உங்கள் கோபத்துக்கு அங்கே நியாயம் உண்டு.

அம்மாபேட்டை கல்லூரி மாணவி: அக்கா, மனித உரிமையில மேற்கத்திய பார்வை, இஸ்லாமிய பார்வை ரெண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன? பரீட்சைக்கு வேணும்.

பரீட்சைக்கு இவ்வளவு போதும்மா. மேற்கில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், 1789 பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனம் என்று வரும் வழியில், உரிமை மனிதனோடு பிறக்கிறது. அரசாங்கத்தைப் பார்த்து அவன் கேட்பது. இஸ்லாமிய வழியில் உரிமை இறைவன் தந்தது, கடமையோடு சேர்ந்தே வருவது. என் உரிமை உன் மேல் கடமை. அதை மறுத்தால் மறுமையிலும் கணக்கு உண்டு. உயிர், மார்க்கம், அறிவு, சந்ததி, சொத்து என ஐந்தைக் காப்பதே ஷரீஅத்தின், அதாவது இஸ்லாமியச் சட்டத்தின், நோக்கம் என்று மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி எழுதினார்.

அஸ்திவாரம் வேறாக இருப்பது பெரிய சிக்கலே இல்லை என்பது என் கருத்து. சிக்கல், முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பு வெளியிட்ட 1990 கெய்ரோ மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவில் இருக்கிறது. அதில் சொன்ன எல்லா உரிமையும் ஷரீஅத்துக்கு உட்பட்டது என்கிறது அது. யார் விளக்கும் ஷரீஅத்? சுன்னிகளுக்குள்ளேயே நாலு மத்ஹப், அதாவது சட்டத்தை விளக்கும் நாலு வழிமுறை. விளக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் கைக்குப் போனால், உரிமை கேட்கிறவன் யாரைப் பார்த்துக் கேட்பான்?

சூரமங்கலத்திலிருந்து ஒருவர்: மதம் மாறினால் தண்டனை என்கிறார்களே, அது மனித உரிமையோடு ஒத்துப்போகுமா மேடம்?

போகாது. பூசி மெழுக விருப்பமில்லை. 1948 பிரகடனத்தின் 18-வது பிரிவு மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. சவூதிப் பிரதிநிதி ஜமீல் பரூதி அதை எதிர்த்தார். அதே சபையில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் எழுந்து, குர்ஆனையே எடுத்துக்காட்டி அந்தப் பிரிவை ஆதரித்தார். "மார்க்கத்தில் கட்டாயமில்லை" என்ற 2:256 வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம்தானே. பழைய சட்ட நூல்களில் மதம் மாறியவனுக்கு மரண தண்டனை இருப்பதும் உண்மை. இன்றைய அறிஞர்கள் பலர் அதை அன்றைய ராஜத்துரோகக் குற்றமாகவே படிக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

கதை அங்கே முடியவில்லை. ஜஃபருல்லா கான் அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974-இல் அவருடைய நாடே அரசியல் சட்டத்தைத் திருத்தி அகமதியாக்களை முஸ்லிம் இல்லை என்று அறிவித்தது. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஹிஜாப்?

ஈரானில் போடாவிட்டால் போலீஸ். பிரான்ஸில் முகத்தை மூடினால் அபராதம்; அதை 2014-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே செல்லும் என்றது. இரண்டு இடத்திலும் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்: நம்ம மார்க்கச் சட்டப்படி சொத்துல மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒண்ணு. இது சமத்துவமா அக்கா?

சமம் இல்லை தம்பி. குடும்பச் செலவு ஆண் தலையில் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இன்றைக்குப் பல வீட்டில் செலவைப் பார்ப்பதே மகள்தான். ஆனால் காலத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் கல்யாணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் முழுமையாக வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருந்தாள். நம் தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1989-இல் வந்தது, அதுவும் அதற்குமுன் கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டும். ஏழாம் நூற்றாண்டில் இஸ்லாம் தந்த அந்த ஒரு பங்கு பெரிய விஷயம்.

என் கவலை வேறு. அந்த ஒரு பங்காவது மகள் கைக்குப் போகிறதா? சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் அண்ணன், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தோடு நிற்பான், தங்கச்சி படிக்காமலே கையெழுத்துப் போடுவாள். "சீர் செஞ்சாச்சே" என்பார்கள். இதில் எல்லா மதத்துக்காரரும் ஒரே ஜாதி.

ஏற்காடு எஸ்டேட் மேஸ்திரி: காப்பிப் பழம் பறிக்கிற ஆளுங்களுக்குக் கூலி பாக்கி நிக்குது. இதுல எல்லாம் மனித உரிமை வருமாங்க?

தாராளமா வருங்க. வேலை செய்தவனின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடு என்பது நபிமொழி. இப்னு மாஜா என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. நியாயமான கூலி 1948 பிரகடனத்தின் 23-வது பிரிவு, ஓய்வு 24-வது. இந்த இடத்தில் இரண்டு பார்வைக்கும் சண்டையே கிடையாது.

ஆனால் நேரே மனித உரிமை ஆணையத்துக்கு ஓடாதீர்கள். அது அரசு ஊழியர் செய்த மீறலையும், தடுக்காமல் விட்ட அலட்சியத்தையும் விசாரிக்கும் அமைப்பு. தனியார் முதலாளி கூலி தராவிட்டால் சேலத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். பெயர், வேலை செய்த நாட்கள், பறித்த எடை எழுதிய நோட்டின் நகல் வையுங்கள். மனு கொடுத்தும் அதிகாரி அசையவில்லை என்றால், அப்போது ஆணையம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்குமேல் எடுக்க மாட்டார்கள்.