படம் போட்டால் பிள்ளைகள் தூங்குகிறார்கள்!

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு கல்லூரியில் முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். குழுவாக முடிவெடுத்தல் பாடத்துக்கு ‘12 ஆங்கிரி மென்’ படத்தை முழுதாகப் போட்டேன். பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் போனில். “படம் காட்டி நேரத்தைப் போக்குறீங்களோ?” என்று ஒரு மூத்த விரிவுரையாளர் கேட்டார். விட்டுவிடவா?
- வாசகி, செங்கலடி

பதில்: விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. எடுத்தது நல்ல படம். போட்ட விதம்தான் சரிவரவில்லை. 1957இல் சிட்னி லூமெட் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. 96 நிமிடமும் ஆங்கிலப் பேச்சு, கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை. பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது.

அடுத்தமுறை கதையை நீங்களே தமிழில் சொல்லிவிடுங்கள்: தகப்பனைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பையன். அவன் குற்றவாளியா என்று ஒருமனதாக முடிவெடுக்க வேண்டிய 12 ஜூரிகள். அப்புறம் முதல் வாக்கெடுப்பை மட்டும், சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடுங்கள். கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘குற்றவாளி’ என்று சில கைகள் உடனே உயரும். சில, மற்றக் கைகள் உயர்ந்த பிறகு மெல்ல எழும்பும். பிந்தி எழும்புவதில் ஒரு முதியவரின் கையும் உண்டு. ஒருவர் மட்டும் உயர்த்தமாட்டார்.

பிறகு இரண்டாவது வாக்கெடுப்பு. இது துண்டுக் கடதாசியில், இரகசியமாக. ஒரு சீட்டு ‘குற்றவாளி அல்ல’ என்று மாறிவிடும். அது அந்த முதியவருடையது! இடையில் கொலைக் கத்தியைப் பற்றிய வாதமும் நடந்திருக்கிறது. ஆகவே அவரை மாற்றியது வாதமா, சீட்டின் இரகசியமா? வகுப்பு சண்டை பிடிக்கட்டும். நீங்கள் அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். ஊர் மாதர் சங்கத்தில், மீனவர் சங்கத்தில், பக்கத்திலிருப்பவரைப் பார்த்துக் கையுயர்த்திய கதைகள் பிள்ளைகளிடமே நிறைய இருக்கும். அதை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். கதைச்சுருக்கம் மட்டும் கேட்கவேண்டாம், படம் பார்க்காமலே எழுதிவிடலாம்.

தமிழ்ப் படம்தான் வேண்டுமென்றால், நம்மட அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) இருக்கிறது. சொந்த வீடு கட்டப் படும் பாடுதான் கதை: கடன், ஒப்பந்தக்காரர், சீமெந்துக் களவு, கடைசியில் காணிப் பிரச்சினை. கருத்திட்ட முகாமைத்துவத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, அந்த மூத்த விரிவுரையாளர். எந்தக் காட்சி, எத்தனை நிமிடம், என்ன கேள்வி என்று பாடக்குறிப்பில் எழுதி அவரிடம் காட்டுங்கள். சீட்டு எண்ணும் காட்சி போடும் நாளில் அவரையும் கூப்பிட்டுப் பின்வாங்கில் இருத்துங்கள்.