வீட்டுக்குள் காற்றை அளக்கும் கருவி: கேள்வி பதில்

கேள்வி: எம்கியூ-135 என்ற வாயு சென்சாரை வைத்து கார்பன் டை ஆக்சைடு அளக்கலாமா?

முடியாது. அதிலுள்ள சூடான டின் ஆக்சைடு படலத்தின் மின்தடை ஆல்கஹால், அம்மோனியா, புகை எது பட்டாலும் மாறும். பக்கத்தில் சானிடைசர் பாட்டிலைத் திறந்து பாருங்கள், எண் எகிறும். கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். அந்தப் பண்பை வைத்து அளக்கும் எம்எச்-இசட்19 அல்லது எஸ்சிடி41 சென்சாரை வாங்குங்கள். இன்னொன்று: கார்பன் மோனாக்சைடுக்கு இதையெல்லாம் நம்பாதீர்கள். அதற்குச் சான்று பெற்ற அலாரம்தான் வேண்டும்.

கேள்வி: பிஎம்எஸ்5003 என்ற தூசு சென்சாரை இஎஸ்பி32 என்ற சிறு கணிப்பலகையில் நேரடியாக இணைக்கலாமா?

இணைக்கலாம். விசிறிக்கு 5 வோல்ட், தரவுக் கம்பிகளுக்கு 3.3 வோல்ட்.

கேள்வி: மழை நாளில் பிஎம் 2.5 (காற்றிலுள்ள மிக நுண்ணிய தூசின் அளவு) ஏறுகிறதே?

ஈரம் அதிகமானால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். லேசர் ஒளி சிதறுவதை வைத்து அளக்கும் சென்சாருக்கு அது கூடுதல் தூசாகத் தெரியும். ஈரப்பத அளவையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: பூட்டிய படுக்கையறையில் எஸ்சிடி41 காட்டும் எண் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகிறது. பழுதா?

பழுதில்லை, தானியங்கி அளவுத்திருத்தம் செய்யும் வேலை. வாரம் ஒருமுறையாவது வெளிக்காற்று, அதாவது சுமார் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு), தன்மேல் படும் என்று அது எடுத்துக்கொள்கிறது. உங்கள் அறையில் கிடைக்கும் மிகக் குறைந்த அளவே 700 என்றால், அதையே 400 ஆக்கிவிடும். காற்று கெட்டிருக்கும்போது நல்லது என்று காட்டும் கருவி ஆபத்தானது.

கேள்வி: அப்படியென்றால் அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுவதுதானே சரி? எல்லாருக்கும் அதைச் சொல்லலாமே?

ஏற்கமாட்டேன். அணைத்தால் சென்சார் மெல்ல விலகுவதைச் சரிசெய்யும் பொறுப்பு உங்களுடையது. தினமும் ஜன்னல் திறக்கும் வீட்டில் அது இயங்கட்டும். பூட்டியே கிடக்கும் அறைக்கு அணையுங்கள். பிறகு அவ்வப்போது கருவியைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய், சில நிமிடங்கள் ஓடவிட்டு, கைமுறையாக வெளிக்காற்றின் அளவான சுமார் 420-க்குத் திருத்துங்கள். அப்போது மேலே குனிந்து பார்க்காதீர்கள். நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம், கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது.

கேள்வி: திருத்தும்போது எவ்வளவு தள்ளி நிற்பது?

கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில், காற்று போகும் பக்கமாக.

கேள்வி: எம்கியூ-135-க்கு நல்ல நிரல் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு சரியாக வருமா?

முதல் பதிலைப் படியுங்கள். நிரலால் சென்சாரை மாற்ற முடியாது.

கேள்வி: எம்கியூ-7 என்ற வாயு சென்சாரைப் போட்டுக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை செய்யலாமா?

ஆர்வத்துக்குச் செய்து பாருங்கள். அதை நம்பி யாரும் அந்த அறையில் தூங்கக்கூடாது. முதலில் அலாரம் வாங்குங்கள், அப்புறம் சாலிடரிங்.