செக்கு, மாடு, தென்னை, சூரியன்: லோகோவில் எதை விடுவது?

கேள்வி: ஈரோட்டுக்குப் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் உண்டு. இதுவரை கேன் கொண்டு வருபவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தோம். இனி பாட்டிலில் அடைத்து வெளியூர்க் கடைகளுக்கும் போடப் போகிறோம். டிசைனர் வரைந்து தந்த லோகோவில் செக்கு, அதைச் சுற்றும் மாடு, தென்னை மரம், எள் பூ, கீழே இரண்டு இலை எல்லாம் இருக்கின்றன. பின்னால் சூரியன் வர வேண்டும் என்று மாமனார் சொல்கிறார். ஆளுக்கொரு யோசனை. எதை வைப்பது, எதை விடுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய படம் கம்ப்யூட்டர் திரையில் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். மாடு எது, செக்கு எது என்று எனக்கே தெரியவில்லை. வாடிக்கையாளருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

லோகோ திரையில் மட்டும் வாழப் போவதில்லை. பாட்டில் மூடியிலும், பில்லின் மூலையிலும், ரப்பர் ஸ்டாம்பிலும், அட்டைப்பெட்டிமேல் ஒரே கலரில் அடிக்கும் மட்டமான அச்சிலும்தான் அதன் பிழைப்பு. அங்கே தாக்குப்பிடித்தால் வேறு எங்கும் நிற்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காபித்தூள் கடைக்கு, கோப்பையிலிருந்து ஆவி எழுவதுபோல் மெல்ல மங்கும் நிறங்களில் வரைந்து கொடுத்தேன். பெட்டியில் ஒற்றைக் கலரில் அடித்ததும் ஆவி முழுக்கத் திட்டாகிவிட்டது. "காபி கொட்டிப்போச்சா?" என்று கடைக்காரரே கேட்டார். அதன் பிறகு எந்த லோகோவையும் முதலில் கறுப்பில்தான் வரைகிறேன். கறுப்பில் நிற்காததை நிறம் காப்பாற்றாது.

ஸ்டேட் பாங்க் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். 1971இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வடிவமைத்தது. ஒரு நீல வட்டம், நடுவில் சின்ன வட்டம், அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு கீற்று, அவ்வளவுதான். அதில் பணமும் இல்லை, பெட்டகமும் இல்லை. ஆனாலும் பாஸ்புக்கிலிருந்து மாடிக்கட்டடத்து போர்டு வரை ஒரே முகம். என்ன விற்கிறீர்கள் என்பதை பாட்டிலும் அதிலிருக்கும் எண்ணெயுமே சொல்லிவிடும். யாருடையது என்று சொல்வதுதான் லோகோவின் வேலை.

ஆகவே மாடு, தென்னை, எள் பூ மூன்றையும் எடுத்துவிடுங்கள். செக்கை வைக்கலாம், ஆனால் சந்தையில் பாதி எண்ணெய் பாட்டில்களில் அதே உரலும் சாய்ந்த உலக்கையும்தான். உங்களுக்கு மட்டுமே சொந்தமானது உங்கள் பெயர், அதுவும் நாலே எழுத்து. நானாக இருந்தால் அந்த எழுத்தையே லோகோவாக்குவேன். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் லோகோ செய்துவிட்டுக் கடைசியில் தமிழை ஓரமாக ஒட்டினால், ஒட்டியது ஒட்டியதாகவே தெரியும்.

தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. ண, னை போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் மை அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், 'க்' 'க' ஆகிவிடும். சுழிகளைக் கொஞ்சம் திறந்து, புள்ளியைத் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள். இருக்கிற எழுத்துருவை அகலவாக்கில் இழுத்து நிரப்புவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பிளக்ஸ் கடைகளில் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது, ஆனாலும் அசிங்கம்தான். அப்புறம், வாட்ஸ்அப் படம் வட்டம். முழுப்பெயர் அதில் அடங்காது. முதல் எழுத்தை மட்டும் வைத்து ஒரு சின்ன வடிவமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறத்தில் உங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடிபோன்ற ஸ்டிக்கரில் மஞ்சள் லோகோ போட்டால் கடலை எண்ணெய்க்கு முன்னால் கரைந்துபோகும். வெள்ளையில் போட்டால் நல்லெண்ணெயில் எடுப்பாக இருக்கும், ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பாட்டிலே வெள்ளையாகிவிட்டால் லோகோ எங்கே போச்சு என்று தேட வேண்டியதுதான். மூன்றுக்கும் பொதுவாக அடர்சிவப்போ கரும்பச்சையோ ஒரே நிறம் போதும். துணிப்பைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் தனி பிரேம், பவுச் அச்சில் ஒவ்வொரு கலருக்கும் தனி சிலிண்டர். கலர் கூடக் கூடச் செலவும் கூடும்.

டிசைனரிடம் ஜேபெக் படம் மட்டும் வாங்கிக்கொண்டு காசு கொடுத்துவிடாதீர்கள். கோரல் டிரா (வரைகலை மென்பொருள்), பிடிஎப் மூல ஃபைல்கள் வேண்டும், எழுத்துகளை கர்வ்ஸாக, அதாவது வரைந்த கோட்டு வடிவங்களாக, மாற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத அச்சகத்தில் திறந்தால் உங்கள் கடைப் பெயர் கண்டபடி மாறிக் கிடக்கும். லோகோவின் பதிப்புரிமையை (காப்பிரைட்) உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் கையெழுத்தும் வாங்குங்கள். வரைந்தவருக்குக் காசு கொடுத்ததாலேயே உரிமை நம்முடையது ஆகிவிடாது. அந்தத் தாளில் காலம் குறிப்பிடாமல் விட்டால், சட்டப்படி 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். ஆகவே 'நிரந்தரமாக' என்ற சொல் இருக்கட்டும்.

அச்சடிக்கும் முன் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இதேபோன்ற பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். டிரேட்மார்க் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். தனிநபரோ சிறுதொழிலோ இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500 கட்டணம், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்பதுபோல் பொருளை விவரிக்கும் சொற்களுக்குத் தனியுரிமை கிடைப்பது கடினம். வட்டத்துக்குள் ஆர் குறியைப் பதிவு முடியும்வரை போடக் கூடாது, அது குற்றம். அதுவரை டிஎம் போதும்.

சரி, மாமனார் கேட்ட சூரியன். கீழே டிசைனர் போட்ட இரண்டு இலையையும் சேர்த்தே சொல்கிறேன். வேறு மாநிலமாக இருந்தால் இரண்டும் வெறும் இயற்கை. நம்மூரில் ஒன்றை வைத்தால் ஒரு கட்சி, மற்றதை வைத்தால் இன்னொரு கட்சி. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் உங்கள் லோகோவைப் பார்த்தால் கூட்டணி அமைந்துவிட்டதோ என்று கேட்பார்கள். எண்ணெய் எல்லார் வீட்டுக்கும் போக வேண்டியது. மாமனாரின் சூரியனைப் புத்தாண்டுக் காலண்டரில் பெரிதாகவே போட்டுக் கொடுங்கள்.