நட்டத்தில் ஓடும் இலங்கை மின்சார சபையை அரசு ஏன் இன்னும் வைத்திருக்கிறது? தனியாருக்கு விற்றால் பில் குறையாதா?

பில் கைக்கு வந்த கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்று விளங்குகிறது. கொழும்புப் பக்கம் வாடகை வீடாக இருக்கும், மாதச் சம்பளமாக இருக்கும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கேள்விக்குக் கீழே "சம்பூரில் நிலக்கரி மின் ஆலை வராமல் தடுத்தவர்களால்தான் இந்த விலை" என்று நீங்களே சேர்த்திருக்கிறீர்கள். சம்பூர் எங்கள் மாவட்டத்து ஊர். அதற்காகவாவது திருகோணமலையில் இருந்து ஒருத்தி பதில் சொல்லத்தான் வேண்டும்.

நான் பொருளியல் படித்தவள் இல்லை. பாலையூற்றில் அரிசி, மிளகாய் அரைக்கிற மில் ஒன்றை அப்பாவுக்குப் பிறகு நடத்துகிறேன். எல்லாம் கரண்ட் மோட்டர். மில்லில் ஆள் கூலிக்கு அடுத்த பெரிய செலவு மின்சாரம்தான். ஆகவே சபைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். அங்கே வீண்செலவு இல்லை, ஊழல் இல்லை என்றும் நான் சொல்லவில்லை.

முதலில் இந்த நட்டம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2013 ஏப்ரலில் கட்டணத்தைக் கூட்டினார்கள். 2014 இல், தேர்தல் கிட்டே வரும்போது, 25 வீதம் குறைத்தார்கள். அதற்குப் பிறகு 2022 ஓகஸ்ட் வரை ஒருவரும் கூட்டவில்லை. இத்தனை வருடமும் எண்ணெயும் நிலக்கரியும் டொலரில்தான் வந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360 ஐத் தொட்டது.

என் மில்லையே எடுங்கள். ஒரு கிலோ அரைக்க எனக்கு முப்பது ரூபா முடிகிறது, ஆனால் இருபதுக்கு மேல் வாங்காதே என்று யாரோ வாசலில் பலகை அடித்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுவோம். நான் மில்லை இன்னொருவருக்கு விற்றால் நட்டம் நிற்குமா? வாங்கியவர் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றுவார். அதைத் தவிர அவரிடம் வேறு மந்திரம் இல்லை. பலகையைக் கழற்ற மில்லை விற்கவும் தேவையில்லை.

நட்டம் சபையோடு நின்றுவிடவும் இல்லை. சபை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு எண்ணெய்க் காசு கொடுக்கவில்லை. கூட்டுத்தாபனம் இலங்கை வங்கியிடமும் மக்கள் வங்கியிடமும் கடன் வாங்கியது. அந்த இரண்டு வங்கியும் அரசினுடையவை, கடைசியில் தாங்கியது திறைசேரி. ஒரே வீட்டுக்குள் மூன்று அண்ணன் தம்பிமார் ஒருவருக்கொருவர் கடன்காரர். டொலர் முடிந்ததும் வீடே இருண்டது.

அந்த இருட்டை நான் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. சித்திரை வருடப் பிறப்புக்கு முந்தின நாட்கள். பலகாரத்துக்கு அரிசிமா இடிக்கச் சனம் வருகிற காலம். அரிசியை ஊறப்போட்டு, வடித்து, பாத்திரத்தில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஊறின அரிசி காத்திருக்காது, அன்றைக்கே அரைக்காவிட்டால் புளித்துவிடும். கரண்ட் வருகிற நேரத்தைத் தாளில் எழுதி ஒட்டினேன், அந்த நேரத்துக்கும் வராது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. பெற்றோல் செட்டில் கான் வரிசையில் தம்பியை இரவு முழுக்க நிறுத்தினேன். நிலாவெளியில் இருந்து பஸ்ஸில் வந்த ஒரு அம்மா புளித்த அரிசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். ஒரு கொத்து அரிசி என்ன விலை விற்ற காலம் என்று உங்களுக்கும் நினைவிருக்கும்.

அப்புறம் விலை வந்தது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம். மாதம் 30 யுனிட்டுக்குள் எரிக்கிற வீட்டுக்கு ஒரு யுனிட் 2.50 ரூபாவில் இருந்து 8 ஆகி, அங்கிருந்து 30 ஆனது. நிலைக் கட்டணம் 30 ரூபாவில் இருந்து 120, பிறகு 400. இரண்டு பல்பும் ஒரு காற்றாடியும் வைத்திருக்கிற கிழவிக்கு இந்த அடி. நானும் அரைக்கிற கூலியைக் கூட்டினேன். பல வருடமாக வருகிற ஆட்கள் முகத்துக்கு நேரே ஏசினார்கள். அவர்களிடம் நான், நாட்டுக்குக் கடன் தரச் சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) போட்ட நிபந்தனையையா விளக்க முடியும்?

அதே 2023 இல் சபை இலாபத்துக்கு வந்துவிட்டது. அதே அணைகள், அதே இயந்திரங்கள், அதே ஆட்கள். பெரிதாக மாறினது நாங்கள் கட்டுகிற காசுதான். நட்டத்தின் ஊற்று எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விற்பது என்றால் எதை விற்பீர்கள்? கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரன்டெம்பே என்று மகாவலி பல இடத்தில் கரண்ட் கொடுத்துவிட்டு, எங்கள் கொட்டியாரக்குடாவில்தான் கடலில் விழுகிறது. விக்டோரியா மட்டும் 210 மெகாவாட். அணைக்குக் கொட்டின காசு எப்போதோ கொட்டியாகிவிட்டது, தண்ணீருக்கு விலை இல்லை. மலைநாட்டில் மழை பெய்தால் நாட்டுக்கே மலிவான கரண்ட். மழை பொய்த்தால் களனிதிஸ்ஸவிலும் சபுகஸ்கந்தையிலும் எண்ணெய் எரிக்க வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். வாங்க வருகிறவர் அணையைத்தான் கேட்பார். எண்ணெய் மெசினை உங்கள் தலையிலும் என் தலையிலும் விட்டுவிட்டுப் போவார். தனியாரின் எண்ணெய் மின்நிலையங்களுக்கு, அவை ஓடாமல் நின்றாலும், கொள்ளளவுக் கட்டணம் என்று கொடுக்க வேண்டிய ஒப்பந்தங்களை நாங்கள் பார்த்தாகிவிட்டது.

இனிச் சம்பூர். 500 மெகாவாட் நிலக்கரி ஆலை, சபையும் இந்திய அரசின் மின் கம்பனியான என்டிபிசியும் பாதிப் பாதி. துறைமுகம் ஆழம், மேற்குக் கரை நுரைச்சோலை நிலக்கரி ஆலை போலத் தென்மேல் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் கப்பல் இறக்க முடியாமல் நிற்கத் தேவையில்லை என்பார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்துச் சனம் 2006 இல் ஷெல் அடியில் ஓடி, வருடக் கணக்காகக் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் கிடந்தது. ஊருக்குத் திரும்புகிற உரிமையையும் குடாவில் மீன்பிடிக்கிற உரிமையையும் கேட்டார்கள். அதற்குப் பெயர் நாட்டின் வளர்ச்சியைத் தடுப்பதா? 2016 இல் திட்டத்தைக் கைவிட்டது அரசாங்கம். 2022 இல் உலகச் சந்தையில் நிலக்கரி தொன் 400 டொலரைத் தாண்டியது. டொலரே இல்லாத நாடு அந்த விலைக்கு இன்னொரு ஆலைக்கும் கரி வாங்கியிருக்குமா? இப்போது சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம், 2025 ஏப்ரலில் தொடங்கி வைத்தார்கள். சூரியனுக்குக் கப்பல் தேவையில்லை.

சூரியன் என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. கூரையில் தகடு போட்டு சபைக்கு விற்றால் முதல் ஏழு வருடம் யுனிட்டுக்கு 22 ரூபா என்ற திட்டம் நல்லாக ஓடின காலத்தில் நானும் ஒரு வங்கிக்குப் போனேன். நிரந்தர அரச உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். காணி உறுதியைக் கேட்டார்கள். எங்கள் உறுதி 1990 இல் வீட்டோடு எரிந்தது, பிரதி எடுக்க அலைந்த அலைச்சல் தனிக் கதை. மாதா மாதம் பில் தவறாமல் கட்டுகிற, தொழில் செய்கிற பெண்ணுக்கு அவளுடைய தொழில் பிணை ஆகாதாம், சம்பளக்காரர் ஒருவரின் கையெழுத்துத்தான் ஆகுமாம். இது உங்கள் கேள்விக்கு வெளியே என்று தெரியும். ஆனாலும் இதைக் கேட்பதற்கு ஒரு இடம் இல்லை.

2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. பிரிக்கட்டும், ஒவ்வொன்றின் கணக்கும் வெளியே தெரியட்டும். உற்பத்தி, அதிலும் அணைகள், அரசின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கட்டணத்தைத் திருத்துவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது, எழுத்திலும் கொடுக்கலாம். அடுத்த முறை நான் எழுதிக் கொடுக்கப்போவது இதுதான்: விலையைச் செலவுக்கு ஏற்ப நேரத்துக்கு நேரம் மாற்றுங்கள், ஒன்பது வருடம் மூடி வைத்துவிட்டு ஒரே அடியாக அடிக்காதீர்கள். 30 யுனிட்டுக்குள் எரிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சலுகையைத் திறைசேரி வரவுசெலவுத் திட்டத்தில் காட்டிக் கொடுக்கட்டும், சபையின் நட்டத்துக்குள் ஒளிக்க வேண்டாம். நீங்களும் அங்கே எழுதுங்கள்.